எண்ணாமல் விட்ட பிள்ளை

தம்பி, இதைப் பிரித்ததும் நீ சிரிக்கத்தான் போகிறாய். தம்போயிலிருந்து பக்கத்திலேயே இருக்கிற தெப்ராவுக்குக் கடிதமா, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தர்ஷினியிடம் காட்டுவாய். காட்டு, பரவாயில்லை. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், அவளும் படிக்கட்டும். நீ சனிக்கிழமைதோறும் பார்க்கப் போகிற அந்தக் கவுன்சலிங் அம்மாவும் படிக்கட்டும். முதலில் வாட்ஸ்அப்பில்தான் எழுதிப் பார்த்தேன். நான்கு வரி எழுதி அழித்தேன், மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். அனுப்பினால் நீலக் குறி விழுந்ததா விழுந்ததா என்று அடுப்பைக் கூட மறந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பேன். விழுந்துவிட்டால், படித்தவன் ஏன் பதில் போடவில்லை என்று அடுத்த கவலை. என் குணம் உனக்குத் தெரியாததா? கேஸை மூடினேனா என்று பாதி வழியில் பள்ளிக்கூட வேனைத் திருப்பிக்கொண்டு வந்தவள் நான். பன்னிரண்டு பிள்ளைகள் ஏறினால் பதிமூன்று என்று எண்ணுகிற ஆண்ட்டி என்று பெயர் வாங்கியவள். அதைச் சொல்லி நீயே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய். அதனால் வேன் பிள்ளைகளின் பெயர் எழுதி வைக்கிற நோட்டிலிருந்து தாள் கிழித்து, பேனாவில் எழுதுகிறேன். பேனாவில் எழுதினால் அழிக்க முடியாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினாய். எல்லாம் பேசி முடித்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டாய். "ம்மா, நெசத்த சொல்லுங்க. சின்ன வயசுல நான் வேனுக்குள்ள பூட்டிக் கெடந்தேனா? இல்ல அது கனவா?" நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். நிமிரவே இல்லை. "கனவுதான்யா. எத்தன தடவ சொல்றது" என்றேன். நீ மற்றச் செருப்பையும் மாட்டி முடித்தாய். பிறகு, "ஒரு சனிக்கிழமை என்கூட கவுன்சலிங் வாங்களேம்மா. கல்யாணத்துக்கு முன்னால ஒரு தடவ" என்றாய். எனக்கு வேன் வேலை இருக்கிறது என்றேன். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சரிம்மா" என்று போய்விட்டாய்.

நான் சொன்னது பொய், தம்பி. அது கனவில்லை. நடந்தது. உன் புத்தியில் ஒரு கோளாறும் இல்லை. நடந்ததை நடந்தது என்றுதான் நீ ஞாபகம் வைத்திருந்தாய். நான்தான் அதைக் கனவாக்கினேன். இதைச் சொல்லத்தான் இத்தனை காகிதமும். ஆனால் நேராக அந்த நாளுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சிங்கப்பூருக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற கடல் பாலத்தில் உனக்கு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். சிங்கப்பூரில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். வெள்ளிக்கிழமை, போதாததற்கு மழை. பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. கடைசி வரிசையில் ஜன்னலோரம் நீ, நடுவில் நிற்க இடமில்லாத கூட்டம், ஏர்கோன் வேறு சரியாக வேலை செய்யவில்லை. திடீரென்று மூச்சு முட்டி, கைகால் விறைத்து, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் தட்டியிருக்கிறாய். டிரைவர் பயந்துபோய்த் திறந்துவிட, மீதிப் பாலத்தை மழையிலேயே நடந்து கடந்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து, "கேஸ்ட்ரிக்மா, ஒண்ணும் இல்ல" என்றாய். அப்புறம் நானும் அப்பாவும் துருவித் துருவிக் கேட்டபோதுதான் கதவைத் தட்டினதைச் சொன்னாய். எதனால் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்துகொண்டே உனக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தேன்.

இன்னும் இரண்டு தடவை அப்படி வந்த பிறகு கிளினிக்குக் கூட்டிப்போனேன். நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு அந்த இளம் டாக்டர், "ஹார்ட்ல ஒண்ணும் இல்ல ஆண்ட்டி. பயந்தான் ஒடம்ப இப்படிப் பண்ணுது. கவுன்சலிங் போனா நல்லது" என்றார். ஒரு தாய்க்கு அங்கே நிம்மதி வர வேண்டும். எனக்கு வந்ததைச் சொன்னால் நீ என்னை மன்னிக்க வேண்டும்: இதயத்திலேயே ஏதாவது கோளாறாக இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். இதயக் கோளாறு என்றால் ஊருக்குச் சொல்லலாம். நாலு பேர் ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். பயம் என்று யாரிடம் சொல்வது? அதுவும் தம்போயில் இருந்துகொண்டு? பெரிய மனநல ஆஸ்பத்திரி இங்கே இருப்பதால் நம் ஊர்ப் பெயரே பலருக்குக் கேலிப் பேச்சு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஆயர் ஈத்தாமில் ஒரு விருந்தில், எந்த ஊர் என்று கேட்டார்கள். தம்போய் என்றேன். "ஐயோ அலமாக், உள்ளயா வெளியவா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் போலிருக்கிறது, நம் வீட்டில் எவருக்கும் மனசு என்று ஒன்று கெட்டுப்போகவே கூடாது என்று.

அதனால் கவுன்சலிங் போகாமல் கோயிலுக்குப் போனோம். உன் கையில் மந்திரித்த கயிறு கட்டினேன். வேனுக்கும் சேர்த்து எலுமிச்சம்பழம் நசுக்கினேன். சாமியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடந்தது என்னவென்று சாமிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியாது. உனக்குச் சொல்வதை விட்டுவிட்டுச் சாமியைப் போட்டு வேலை வாங்கினேன். கயிறு நைந்து அறுந்து விழுந்த மறுவாரம் நீயாகவே அந்தக் கவுன்சலிங் அம்மாவைத் தேடிப் பிடித்துப் போக ஆரம்பித்தாய்.

நீ போக ஆரம்பித்ததும் எனக்குப் பிடித்த கிலி கொஞ்சமா? பெண் வீட்டார் பேச வந்த அன்று தர்ஷினியின் அம்மா யதார்த்தமாகக் கேட்டார், "சனிக்கிழமையில மாப்பிள்ளைக்கு என்ன வேல, போன் பண்ணா எடுக்கவே மாட்றாரு?" நான் வாயைத் திறப்பதற்குள் பொய் வந்து விழுந்தது. "பேட்மின்டன் வெளாடப் போவான்" என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நீ குனிந்து டீயை ஊதினாய். மாப்பிள்ளைக்குச் சீர் வைக்க வந்தபோது சம்பந்தியம்மா சீர்த்தட்டோடு சேர்த்து விலையுயர்ந்த பேட்மின்டன் மட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாரே, நினைவிருக்கிறதா? அது இன்னும் நம் அலமாரியில் பிளாஸ்டிக் பிரிக்காமல் நிற்கிறது. சேலை எடுக்க அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது. போன மாதம்தான் தெரிந்தது, நீ எல்லாவற்றையும் தர்ஷினியிடம் எப்போதோ சொல்லிவிட்டாய், அவளும் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மா மட்டையைக் கொடுத்ததே என்னை வம்புக்கு இழுக்கத்தானோ என்னவோ. ஊரே அறிந்த ரகசியத்தை நான் ஒருத்தி மட்டும் மூடி மூடி வைத்திருந்திருக்கிறேன்.

வெட்கம் ஒரு பக்கம் என்றால் பொறாமை இன்னொரு பக்கம். பெற்றவள் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, வாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் போய் மனசைக் கொட்டுகிறானே என்று எரிந்தது. அந்த அறையில் என்னைப் பற்றி என்ன பேசுகிறீர்கள், அந்த அம்மா நோட்டில் என்ன எழுதிக்கொள்கிறார் என்று நினைத்து நினைத்தே சனிக்கிழமைக் குழம்பில் உப்புப் போட மறந்திருக்கிறேன். ஒரு நாள் பொறுக்காமல் உன்னிடமே கேட்டேன், அங்கே போய் என்னதான் கற்றுக்கொண்டாய் என்று. நீ யோசித்துச் சொன்னாய், "பயம் வந்தா வெரட்டணும்னு இல்லம்மா. 'ஆமா, இப்ப பயமா இருக்கு'னு சொல்லிக்கிட்டு இருக்கலாம். பயப்பட்றதால நான் ஒண்ணும் கொறஞ்சவன் இல்ல."

"இதச் சொல்லிக் குடுக்க ஒரு ஆளா? சொன்னா பயம் போயிருமா?" என்று கேட்டேன்.

"போகாதும்மா. போனாத்தான் நான் நல்லாயிட்டேன்னு அர்த்தமும் இல்ல. இத வெளங்கிக்கவே எனக்கு ஒரு வருசம் ஆச்சு."

நான் உதட்டைச் சுழித்துக்கொண்டு எழுந்து போனேன். ஆனால் உன் முகத்தில் அன்றைக்கு இருந்த தெளிவை நான் பார்த்தேன், தம்பி. உன் ஏழு வயதுக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அதைக் கொடுத்தவள் நானில்லையே என்று சமையலறையில் நின்று அழுதேன். உன்னிடம் வெங்காயம் என்றேன்.

சரி, இனிச் சுற்ற இடமில்லை. அந்த நாளுக்கு வருகிறேன்.

நீ முதலாம் வகுப்பு. நான் வேன் ஓட்ட ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சாமான் ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேனை வாங்கி, பெஞ்சு போட்டு, பள்ளிக்கூட வேனாக்கியிருந்தோம். முன்சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் அந்தக் காலத்துக் கம்பித் தடுப்பு அப்படியே இருந்தது. பக்கத்துக் கதவின் உள்கைப்பிடியை நானே கழற்றி வைத்திருந்தேன். ஓடுகிற வேனில் எந்தப் பிள்ளையாவது கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். பயந்து பயந்து செய்த காரியம்தான், பார்த்துக்கொள். பதினான்கு பிள்ளைகள் அப்போது. ஒவ்வொன்றாக வீட்டு வாசலில் இறங்கும்போது வாய்விட்டு எண்ணுவேன். பதினாலு என்றால் அன்றைய வேலை முடிந்தது. நீ அந்த எண்ணிக்கையில் கிடையாது. நீ எப்போதும் எனக்குப் பக்கத்தில் முன்சீட்டில், என் கைப்பை மாதிரி. கைப்பையை யாராவது எண்ணுவார்களா?

அன்று புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு வேனில் தலைசுற்றி வாந்தி. முன்சீட்டில் உட்கார்ந்தால் தேவலை என்று அவளை உன் இடத்தில் உட்கார வைத்தேன். உன்னைப் பின்னால் போகச் சொன்னேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாய். அந்தப் பெண் பாதி வழியில் இறங்கிவிட்டாள். மற்றவர்களும் இறங்கினார்கள். பதினாலு. வீட்டு வாசலில் வெயிலில் வேனை நிறுத்தினேன். பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன், காலியாக இருந்தது. வழக்கமாக நான் பிரேக் போட்டு முடிப்பதற்குள் குதித்துப் பக்கத்து வீட்டுக்குக் கார்ட்டூன் பார்க்க ஓடிவிடுகிறவன்தானே நீ. காலிச் சீட்டைப் பார்த்ததும், ஓடிவிட்டான் என்று என் கண்ணே எனக்குச் சொல்லிவிட்டது. பூட்டிவிட்டு உள்ளே போனேன். ரேடியோவைப் போட்டுக்கொண்டு மீன் ஆய்ந்தேன்.

உன்னைத் தேட வைத்தது உன் சட்டை. தினமும் நீ கார்ட்டூன் முடிந்து வந்ததும் பள்ளிச் சட்டையைக் குளியலறை வாளியில் எறிவாய். நான் ஊறவைக்கப் போனேன். வாளி காலி. முதலில் கோபம்தான் வந்தது, பள்ளிச் சட்டையோடே பக்கத்து வீட்டில் புரள்கிறானே என்று. கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி இன்னிக்கி வரவே இல்லையே" என்றார். அங்கிருந்து வேனுக்கு எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. மீன் செதில் ஒட்டிய கையோடு போனேன். நீ கடைசி ஜன்னலில் இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றாய். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. சட்டை முழுக்க நனைந்து, கால்சட்டையும் நனைந்து. ஒன்றே முக்காலுக்கு வேனை நிறுத்தியவள், கதவைத் திறக்கும்போது மணி இரண்டு முப்பத்தைந்து. ஐம்பது நிமிஷம், தம்பி. 'ரொம்ப நேரம் மாதிரி இருக்கும், ஆனா கனவுல அப்படித்தானே இருக்கும்' என்று நீ சொல்வாயே, அது ஐம்பது நிமிஷம்.

கதவைத் திறந்து உன்னைக் கட்டிக்கொண்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் உன்னை அடித்தேன். "ஏண்டா தூங்கினே, ஏண்டா தூங்கினே" என்று கேட்டு முதுகில் அடித்தேன். அதற்குப் பிறகுதான் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். குளிப்பாட்டினேன், குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தேன். டாக்டரிடம் போகவில்லை. போனால் எப்படி என்று கேட்பார்களே. நீ தேம்பிக்கொண்டே இருந்தாய். "அழக்கூடாது. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா யாரும் அம்மா வேன்ல பிள்ளைங்கள அனுப்ப மாட்டாங்க, புரியுதா?" என்றேன். நீ தலையாட்டினாய். அழுகையை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாய், ரத்தம் வந்தது. உன்னைத் தூங்க வைத்துவிட்டு ஒரு துணியை நனைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேன் கண்ணாடியில் உன் கைத்தடம் இருந்தது. பத்து விரலும் தெரிந்தது. பிள்ளைகள் மறுநாள் ஏறுவார்களே என்று துடைத்தேன். அதைத் துடைத்த கைதான் இதை எழுதுகிறது.

ஒரு வாரம் கழித்துச் சாப்பிடும்போது நீ, "ப்பா, அன்னிக்கி நான் வேன்ல..." என்று ஆரம்பித்தாய். அப்பா லாரியில் ஆயர் ஈத்தாம் போய்ப் பூந்தொட்டி ஏற்றி வந்த களைப்பில் இருந்தார். நான் குறுக்கே விழுந்து, "கனவு கண்டுட்டு உளறான்" என்றேன். அப்பா சிரித்தார், உன் தலையைத் தடவினார். நீ என்னைப் பார்த்தாய். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு பிள்ளை தன் கண்ணையே நம்பாமல் போனதை நான் அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். அதற்கப்புறம் நீ கேட்கும்போதெல்லாம் கனவு, கனவு. சொல்லச் சொல்ல எனக்கும் அது சுலபமாகிவிட்டது. நீ அழாத பிள்ளை ஆனாய். உறவில் எல்லாரும், "உன் மவன் எவ்ளோ அமைதி, எவ்ளோ தைரியம்" என்று மெச்சினார்கள். நான் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். வேன் போய்விடுமே என்ற பயம் உண்மைதான். ஆனால் அது மட்டும் போதாது. நான் எஸ்டேட்டில் ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவள். விடியுமுன்னே அம்மா என்னை அங்கே இறக்கிவிட்டு பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போய்விடுவார். இருபது முப்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆயா. அழுதால் யாரும் தூக்க மாட்டார்கள், தூக்க ஆள் கிடையாது. அழாத பிள்ளைதான் நல்ல பிள்ளை. நான் நல்ல பிள்ளையாக வளர்ந்தேன், உன்னையும் நல்ல பிள்ளையாக்கினேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று தெரிந்தால், என்னைப் பார்க்கும்போது எனக்கே கொஞ்சம் கூச்சம் குறைகிறது. அவ்வளவுதான்.

உன்னிடம் மறைத்த இன்னொன்றும் இருக்கிறது. போன சனிக்கிழமை நான் வந்தேன். மாடியில் கவுன்சலிங் நடக்கிற அந்தக் கடை வரிசைக்கு எதிரே வேனை நிறுத்தினேன். நீ நீலச் சட்டை போட்டு, மாடிப்படி ஏறுவதற்கு முன்னால் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாய். என்னைத்தான் தேடினாய் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறக்கக் கை வரவில்லை. மேலே போனால் அந்த அம்மா என்னைப் பார்த்து, இவள்தானா அவள் என்று நினைப்பாரே. நீ பாதிப் பேச்சில் என்னை வெறுத்துவிட்டால்? கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான், மணவறையில் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் போனால்? ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்போது நீ சொன்னது நினைவுக்கு வந்தது. யாரும் இல்லையே என்று சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன், "பயமா இருக்கு." பயம் போகவில்லை, நீ சொன்ன மாதிரியே. ஆனால் பொய் சொல்லவில்லை என்று ஒரு சின்ன ஆறுதல் வந்தது. என் வயதுக்கு அதை அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு மதியம் அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கைத்தடம் துடைத்தது வரை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெயிலில் நின்ற வேனில் ஏறி, பிற்பாடு நான் மாட்டிய உள்கைப்பிடியைப் பிடித்துக் கதவை இழுத்து மூடி, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். "என்னாங்க பண்றீங்க?" என்று நான் வாசலில் நின்று கத்தினேன். அக்கம்பக்கத்தில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கவலை அப்போதும் எனக்கு விடவில்லை, பார். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எவ்ளோ நேரம்னு சொன்னே?"

"அம்பது நிமிசம்."

"நான் அஞ்சு நிமிசம் இருந்திருப்பேனா?" என்றார். படியில் உட்கார்ந்துகொண்டார். "அன்னிக்கி சாப்பிடறப்ப புள்ள சொல்ல வந்தான். நான் சிரிச்சேன்ல?" அதையே இரண்டு மூன்று தடவை கேட்டார். நீங்கள் தெரியாமல் செய்ததுதானே என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கடைசியில், "அவன்கிட்ட சொல்லிடு. வாயால முடியலன்னா எழுது" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அன்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அம்மா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் வாய் சும்மா இருக்காதே. உனக்குக் கோபம் வரும்போது அதற்கு அடியில் பயம் இருக்கிறதா என்று கொஞ்சம் பார். நான் உன்னை அடித்த ஒவ்வொரு அடியிலும் இருந்தது, எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. தர்ஷினியிடம் தைரியசாலி வேஷம் போடாதே. அவள் உன்னைப் பாலத்தில் நடந்து வந்தவன் என்று தெரிந்துதான் கட்டிக்கொள்கிறாள். நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது எதையாவது சொல்ல வாயெடுத்தால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், கதை மாதிரி இருந்தாலும் கேள். கல்யாணம் ஆகிவிட்டதே, இனி எதற்கு என்று அந்தச் சனிக்கிழமையை நிறுத்திவிடாதே. யாராவது கேட்டால் கவுன்சலிங் போகிறேன் என்றே சொல். நானும் அப்படியே சொல்கிறேன். சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கும், அதைப் பொருட்படுத்தாதே. மட்டையைச் சம்பந்தியம்மாவிடம் நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிறேன்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதினேன், பிறகு அதன் மேல் கோடு போட்டேன். பேனாவில் எழுதியதால் அடியில் உனக்குத் தெரியும். நான் மன்னிப்புக் கேட்டால் நீ உடனே, "பரவால்லம்மா" என்பாய். அப்படிச் சொல்ல உன்னைப் பழக்கியவள் நான். இந்தத் தடவை பரவாயில்லை என்று சொல்லாதே. கோபப்படு. கத்து. ஒரு மாதம் பேசாமல் இரு, நான் செத்துப்போக மாட்டேன். என்ன, தினமும் கைப்பேசியை இருநூறு தடவை பார்ப்பேன்.

ஆனால் அதற்கு முன்னால் இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு நான் வருகிறேன். படியேறி மேலே வருகிறேன். அந்த அம்மா என்னிடம் எதுவும் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், அது கனவில்லை, என் மகன் சொன்னது அத்தனையும் உண்மை என்று. பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்பதையும் அங்கேயே சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. பன்னிரண்டு பேரைப் பதிமூன்று என்று எண்ணுவதைக் கேலி செய்வாயே. எனக்கு எண்ணத் தெரியும், தம்பி. அந்த நாளுக்கு மறுநாள் காலையில், எந்தப் பிள்ளையும் ஏறுவதற்கு முன்னால், பக்கத்துச் சீட்டில் நீ உட்கார்ந்ததும் உன்னைப் பார்த்து "ஒண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். நீ வளர்ந்து, வேனில் வருவதை நிறுத்தி, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், தெப்ராவில் வீடும் பார்த்துவிட்டாய். அந்தச் சீட்டில் இப்போது என் கைப்பைதான் இருக்கிறது. இன்று காலையிலும் அதைப் பார்த்து "ஒண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றப் பிள்ளைகளை எண்ண ஆரம்பித்தேன்.

அம்மா